பினாங்கு ரொட்டி, திண்டுக்கல் காதுகுத்து

பினாங்கில் ரொட்டி தவறான கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக நான் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டியிருந்தது.

சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வேலை பார்ப்பது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில். கணினிப் பிரிவு என் பொறுப்பு. மளிகைக் கடைக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கைப்பேசியில் பதிவார்கள். எந்த வண்டியில் எந்தக் கடைக்கு எத்தனை ரொட்டி என்று விடிவதற்குள் கணினி பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கான புதிய மென்பொருளைத் திண்டுக்கல்லில் ஒரு சின்ன நிறுவனம் எழுதிக்கொண்டிருந்தது. பல மாதங்களாக அது முடிகிற நிலையிலேயே இருந்தது. காணொளி அழைப்பில் எப்போது கேட்டாலும் நிறுவனத்தை நடத்தும் ஆரோக்கியராஜ் ஒரே சொல்லைத்தான் சொல்வார்.

"ஆயிரும் மேடம்."

அதை நான் 'முடிந்துவிடும்' என்று என் முதலாளி லிம்முக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியராஜின் அகராதியில் அது வாக்குறுதி இல்லை, பிரார்த்தனை என்பது நேரில் போன பிறகுதான் விளங்கியது.

லிம் பொறுமைசாலி. ஆனால் பழைய மென்பொருளின் உரிமம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கின்றன. ரொட்டி இரட்டிப்பாகப் போகும். "நேரில் போய்ப் பார்," என்றார். "தேறாது என்று தெரிந்தால் அங்கேயே கைகுலுக்கி விடைபெற்றுவிடு. கோலாலம்பூரில் வேறு ஆட்களை வைத்துக்கொள்வோம்." எங்கள் வேலை ஒன்றை நம்பித்தான் அந்தச் சின்ன நிறுவனம் ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை காலை திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு ஆட்டோவில் ஏறினேன்.

"எந்த ஊரும்மா?" என்றார் ஓட்டுநர்.

"மலேசியா."

"மலேசியாவுல எங்கிட்டு?"

"பினாங்கு. டவுன் இல்லை. கம்பத்தில் பிறந்து வளர்ந்தவள்."

எங்கள் நாட்டுத் தமிழில் கம்பம் என்றால் கிராமம். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நம்ம கம்பமா? அதான பாத்தேன், மூஞ்சி நம்ம பக்கத்து மூஞ்சியா இருக்கேன்னு. இந்த வருசம் திராட்சை எப்படிம்மா?"

பக்கத்து மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருப்பதும், அங்கே திராட்சை விளைவதும் எனக்கு அன்று தெரியாது. "பரவாயில்லை," என்று சொல்லிவைத்தேன். அவருக்குத் திருப்தி.

நான் கேட்டது கம்ப்யூட்டர் கம்பெனி. அவர் கொண்டுபோய் இறக்கியது 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று பலகை போட்ட ஒரு கடையில். உள்ளே இருந்தவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் ஜாதகம் பார்க்க வரவில்லை, ஒரு சாஃப்ட்வேர் திட்டத்துக்காக வந்திருக்கிறேன் என்றேன்.

"பிராஜெக்டுக்கும் பாக்கலாம்மா. ஆரம்பிச்ச தேதி, நேரம் சொல்லுங்க."

தேதி எனக்கு மனப்பாடம். ஒரு கணம் தயங்கினேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆரோக்கியராஜின் அலுவலகம் ஒரு மோட்டார் பம்பு கடையின் மாடியில் இருந்தது. நாற்பது வயதுக்காரர், நல்ல உயரம், யாரையும் வருத்தப்படுத்தத் தெரியாத முகம். போனதும் காப்பி தந்தார். மென்பொருளைக் காட்டுங்கள் என்றேன். வடை வந்தது. மறுபடி கேட்டேன்.

"காட்டிருவோம் மேடம். செத்த நேரம்."

'செத்த நேரம்' என்றால் கொஞ்ச நேரம் என்று பிறகு தெரிந்தது. அன்று அதைக் கேட்டபோது யார் செத்தது என்று பதறினேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனார். எங்கள் ஊர் நாசி கண்டார் சாப்பாட்டில் குழம்பு சோற்றை மூழ்கடிக்கும். இங்கே பொடிப்பொடியான சீரகச் சம்பா அரிசி குழம்பு முழுவதையும் தானே குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இலையில் இருந்தது. "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். நான் விழித்தேன். "தொட்டுக்க, மேடம்," என்றார் ஆரோக்கியராஜ். கோபமாகப் பேச வேண்டும் என்று விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. ஒருவேளை அதற்குத்தான் அழைத்துப் போனாரோ என்னவோ.

மத்தியானம் மென்பொருளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அருமையாக இருந்தது. எழுதியவர் முத்துப்பாண்டி, சித்தையன்கோட்டைக்காரர், முப்பது வயது இருக்கும். அதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவர் கலைவாணி, அகரத்திலிருந்து வருகிறவர், அவரைவிட நாலைந்து வயது மூத்தவர். இருவரும் முதுகோடு முதுகு உட்கார்ந்திருந்தார்கள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

சிக்கல் கடைப் பெயரில் இருந்தது. பினாங்கு, அதை ஒட்டிய கெடா பக்கத்தில் முருகன் ஸ்டோர் என்ற பெயரில் ஏகப்பட்ட கடைகள். மென்பொருள் கடைகளைப் பெயரை வைத்து அடையாளம் கண்டதால், எல்லா முருகன்களுக்கும் உரிய ரொட்டியை முதல் முருகனின் வாசலிலேயே இறக்கிவிடும். கலைவாணி இதை எப்போதோ கண்டுபிடித்துப் பதிவு செய்திருக்கிறார். பிழையை இவர்கள் 'பக்' என்பார்கள். 'இது பக் இல்லை' என்று முத்துப்பாண்டி திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் மறுபடி போட, இவர் மறுபடி திருப்ப, வாரக்கணக்கில் அந்த ஒரே பக் ஊஞ்சல் ஆடியிருக்கிறது.

"ஒரே பேர்ல இம்புட்டுக் கடை இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையே," என்றார் முத்துப்பாண்டி, ஆரோக்கியராஜைப் பார்த்து.

"முருகன் பேர்ல ஒலகத்துலயே ஒரு கடைதான் இருக்கும்னு எவன் சொன்னான்னு கேளுங்க சார்," என்றார் கலைவாணி, அவரும் ஆரோக்கியராஜைப் பார்த்து.

"பக்கத்தைப் புதுசா தொறந்து பாத்தாங்களான்னு கேளுங்கண்ணே."

"தொறந்து பாத்தாச்சுன்னு சொல்லுங்க சார்."

ஆரோக்கியராஜ் எதையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பூப்பந்து ஆட்டம் பார்ப்பவர்போல் தலையை இங்கும் அங்குமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நான் முத்துப்பாண்டியைத் தனியாக அழைத்து, "உங்க ஊர்ல எத்தனை முத்துப்பாண்டி?" என்று கேட்டேன்.

"எங்க தெருவுலயே ரெண்டு மேடம்."

"கூரியர் வந்தா?"

"நான் மில்லு வீட்டு முத்துப்பாண்டி. அவன் சைக்கிள் கடை முத்துப்பாண்டி. அப்படித்தான் கேட்டு வருவாங்க."

சொல்லிவிட்டு அவரே நின்றார். "அப்ப முருகனுக்கும் ஒண்ணு வேணும்ல," என்றார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்தே எல்லாவற்றையும் பிரிப்பது என்று முடிவாயிற்று. அடியிலிருந்து மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்றார்.

தொழில்நுட்பச் சிக்கல் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் தீர்ந்துவிட்டது. ஆனால் எழுதுகிறவரும் சோதிக்கிறவரும் பேசிக்கொள்ளாவிட்டால், இந்த முருகன் போனால் நாளை ஒரு லட்சுமி வருவாள்.

வியாழக்கிழமை நான் படித்த வித்தைகளில் ஒன்றைக் கையிலெடுத்தேன். காலையில் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சுருக்கமாகப் பேசுவது. நின்றுகொண்டே பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும், நேருக்கு நேர் பேசியும் ஆக வேண்டும். பட்டர்வொர்த்தில் நன்றாக நடக்கிறது.

நான் எழுந்து நின்றேன்.

"ஏலே, மேடம் நிக்கிறாங்க பாரு, சேரை எடுத்துப் போடு," என்று ஒரு குரல் கேட்டது. நாற்காலி வந்தது. வேண்டாம், நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்றேன். சரி என்று எல்லோரும் நின்றார்கள். நான் மட்டும் உட்கார வேண்டும் என்றார்கள். தொலைதூரத்திலிருந்து வந்த விருந்தாளி நிற்கும்போது என்ன வேலையைப் பேசுவது என்பது அவர்கள் கேள்வி. கடைசியில் நான் உட்கார்ந்தேன். உடனே எல்லோரும் உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. எந்நாளும் சுருக்கமாக முடிகிற அந்தக் கூட்டம் மதியம்வரை நடந்தது. அதிலும் அவர்கள் இருவரும் ஆரோக்கியராஜ் வழியாகவே பேசினார்கள்.

அன்று சாயங்காலம் கலைவாணி என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். அவர் முன்னதாகவே பேருந்தில் கிளம்பிவிட, ஆரோக்கியராஜ் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். தாடிக்கொம்புச் சாலையில் ஒரு தேங்காய் டிராக்டரைத் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. அவர் ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பெட்ரோல் இல்ல மேடம்."

"கிளம்பும்போது பார்க்கலையா?"

"பாத்தேன். போயிரும்னு நெனச்சேன்."

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் சம்பங்கித் தோட்டம், வாசம் மூக்கைத் துளைத்தது. இவர் தப்பிப் போக இடமில்லாத இந்த நேரம்தான் சரி என்று, அந்த இருவருக்கும் என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"காதுகுத்து மேடம்," என்றார்.

கலைவாணியின் மகனுக்குக் காதுகுத்து. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வக் கோயிலில், கிடா வெட்டோடு. அலுவலகத்தில் எல்லோரையும் அழைத்திருக்கிறார். முத்துப்பாண்டியை மட்டும் தனியாக, தம்பி ஸ்தானத்தில் நின்று செய்ய வேண்டும் என்று அழைத்திருக்கிறார். அதுவரை அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரைத் தம்பி என்பார். எல்லோரும் போனார்கள். முத்துப்பாண்டி மட்டும் போகவில்லை.

"அம்புட்டுத்தான். திங்கக்கெழம அந்தப் புள்ள வந்து 'சார், அவர்கிட்ட சொல்லுங்க'ன்னு ஆரம்பிச்சுச்சு. அவரும் 'அண்ணே, அவங்ககிட்ட சொல்லுங்க'ன்னாப்ல. அன்னையில இருந்து நான் நடுவுல கெடக்கேன்."

"ஏன் போகலைன்னு கேட்டீங்களா?"

"கேட்டா சங்கடப்படுவாப்லன்னு கேக்கல மேடம். தானா சரியாயிரும்னு விட்டுட்டேன்."

கலைவாணியின் வீட்டில் இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும். நான் போதும் என்று சொல்லச் சொல்ல, வேண்டும் என்று புரிந்துகொண்டு வைத்தார்கள். அவர் கணவர் சம்பங்கி போட்டிருக்கிறார். அதிகாலையில் பூ பறிக்கப் போக வேண்டும் என்று சீக்கிரம் எழுந்துகொண்டார். புதுக் கடுக்கனோடு மகன் என் மடியில் ஏறி என் கைப்பேசியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

நான் விஷயத்தைத் தொட்டேன். கலைவாணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"வரலைங்கிறதுக்கு இல்லக்கா. வேல இருக்கும், உடம்பு சரியில்லாம இருக்கும். ஒரு போன் பண்ணி வரலன்னு சொல்லிருக்கலாம்ல? தாய்மாமன் பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணும்னு சொல்லி வச்சிருந்தேன். 'எங்க உங்க ஆபீஸ் தம்பி'ன்னு சொந்தக்காரங்க பூராம் கேக்குறாங்க. வந்துருவான், வந்துருவான்னு பந்தி முடியிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மேடம் என்பது அக்காவாக மாறியதைக் கவனித்தேன். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. இதற்குத் தீர்வாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு எதுவும் சொல்லித் தந்ததில்லை.

வெள்ளிக்கிழமை முத்துப்பாண்டி தலை நிமிராமல் வேலை பார்த்தார். நான் நின்றால் அவருக்குக் கை ஓடவில்லை என்பதால், லிம்மின் மனைவி கேட்டிருந்த சுங்குடிச் சேலை வாங்கச் சின்னாளப்பட்டிக்குக் கிளம்பினேன். மதுரை என்று போட்ட பேருந்து ஒன்று நின்றது, ஏறினேன். நடத்துநர் சீட்டுக் கேட்கும் நேரத்தில் வண்டி ஊரைத் தாண்டிவிட்டது.

"சின்னாளப்பட்டி நிக்காதும்மா. இது மதுரைக்கு நேரா போற வண்டி. போர்டைப் பாத்து ஏற வேணாமா?"

"மதுரைன்னுதானே போட்டிருக்கு? சின்னாளப்பட்டி மதுரை ரோட்டில்தானே இருக்கு?"

"ரோட்டுல இருக்கதுக்கெல்லாம் நிப்பாட்டுனா நான் என்னைக்கு மதுரை போய்ச் சேர?"

பின்னிருக்கையில் இருந்த ஒரு பெரியம்மா எனக்காக வழக்காட, பேருந்தில் பாதிப் பேர் என் பக்கமும் மீதிப் பேர் நடத்துநர் பக்கமும் பிரிந்தார்கள். பினாங்குப் பேருந்தில் ஓட்டுநருக்கு நான் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. இங்கே என் பயணத்தை ஒரு பேருந்தே விவாதித்தது. முடிவில் வண்டி நாற்கரச் சாலையில் ஒரு கணம் மூச்சு வாங்கியது; நான் குதித்தேன். வெயிலில் நடந்து ஊருக்குள் போய், கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு சேலை வாங்கினேன். திரும்பியபோது முருகன்கள் எல்லோருக்கும் எண் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை உண்மையான கடைப் பட்டியலை ஏற்றிச் சோதித்துவிட்டால், ஞாயிறன்று கடைக்காரர்கள் புதிய மென்பொருளில் பதியலாம்.

சனிக்கிழமை காலை ஆரோக்கியராஜ் விடுதி வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"மேடம், இன்னைக்கு டவுன் பூராம் கரண்ட் இருக்காது. சாயங்காலம்தான் வரும்."

"முன்கூட்டியே தெரியாதா?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்க. நம்ம தெருவுக்கு வராதுன்னு நெனச்சேன்."

"பேட்டரி?"

"அது போன மாசமே போயிருச்சு."

"முத்துப்பாண்டி எங்கே?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். முத்துப்பாண்டியின் தங்கைக்கு அன்று நிச்சயதார்த்தம். சித்தையன்கோட்டை மண்டபத்தில். கேட்டால் விடுப்புக் கிடைக்காதோ என்று அவரும் சொல்லவில்லை; கேட்டால் வேலை நிற்குமோ என்று இவரும் கேட்கவில்லை.

என் வாழ்க்கையில் நான் குரல் உயர்த்தியது குறைவு. அன்று உயர்த்தினேன். விடுதிக் காவலாளி நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். லிம்முக்குப் போன் போட்டு, தேறாது என்று சொல்லிவிடலாம் என்று எண்களைக்கூட அழுத்தத் தொடங்கினேன். ஆரோக்கியராஜ் தடுக்கவில்லை. "நீங்க சொல்றது நியாயந்தான் மேடம்," என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் முதல்முறையாக 'ஆயிரும்' என்று சொல்லாததுதான் என் கையை நிறுத்தியது.

மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டு, பின்னாலேயே கைப்பேசிக் கோபுரம் இருப்பதால் இணையமும் நன்றாக வரும் என்றார். அப்படியானால் அங்கேயே போய்ச் செய்யலாம். ஆனால் கலைவாணி பக்கத்தில் இல்லாமல் முடியாது. போன் போட்டு வரச் சொன்னேன்.

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படிக்கா வாரது?" என்றார் அவர். "நீங்க ஆபீசுக்குக் கூப்பிடுங்க, எந்நேரமும் வாரேன். விசேச வீட்டுக்கு அவங்கதான கூப்பிடணும்?"

நியாயம். முத்துப்பாண்டிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"கலைவாணியை நீங்க அழைக்கணும்," என்றேன்.

"நான் அவங்க விசேசத்துக்குப் போகல மேடம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிட? சர்வர் படுத்தாக்கூட எழுப்பிப்புடுவேன். இது எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனா நீங்க கூப்பிடலைன்னா நான் இன்றைக்கே மலேசியாவுக்குச் சொல்லியாகணும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கலைவாணியை அலுவலகத்துக்கு வரவழைத்து, இருட்டு மாடியில் நாங்கள் மூவரும் கணினிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து செம்பட்டி வழியாக மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த முத்துப்பாண்டி, பட்டு வேட்டியோடு; பின்னால் பட்டுச்சேலையில் அவருடைய சித்தி, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. காற்றில் வெற்றிலை பறந்துவிடாமலிருக்க மேலே ஒரு துண்டைக் கட்டியிருந்தார்கள்.

"பொம்பளப் புள்ளயக் கூப்பிட ஆம்பள மட்டும் போனா நல்லாருக்காதுன்னு நானும் வந்தேன்," என்று சித்தி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டு நிச்சயத்துக்கு அவசியம் வரணும்த்தா. வீட்டுக்காரர், புள்ளைங்க எல்லாரும் வரணும்." தட்டை நீட்டினார்.

கலைவாணி தட்டை வாங்கவில்லை. முத்துப்பாண்டியை நேராகப் பார்த்தார்.

"காதுகுத்துக்கு ஏன் வரல?"

"அந்த வாரம் வெள்ளிக்கெழம சாயங்காலம் நீங்க அம்புட்டு பக்கு போட்டுட்டுப் போனீங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அதைத்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பண்ணிருப்பேன். எடுத்தவுடனே பக்கு முடிஞ்சிருச்சான்னு கேப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

ஆரோக்கியராஜின் தலை பழக்கத்தில் கலைவாணி பக்கம் திரும்பியது. கலைவாணியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுத்தான் இருப்பேன்," என்றார். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். "வாரேன் தம்பி. நீ முன்னாடி போ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துறப் போறாங்க."

ஆரோக்கியராஜ் ஒரு லோடு ஆட்டோ பிடித்தார். முன்னால் ஓட்டுநரும் கலைவாணியும். பின்னால் நானும் ஆரோக்கியராஜும், மடியில் ஆளுக்கொரு கணினித் திரை. விசேஷத்துக்கு உடுத்த என்னிடம் வேறு எதுவும் இல்லாததால் லிம்மின் மனைவியுடைய சுங்குடிச் சேலையை நான் கட்டியிருந்தேன்.

மண்டபத்தில் எங்களுக்குச் சமையல் சாமான் வைக்கும் அறையைக் கொடுத்தார்கள். அரிசி மூட்டை மேல் மடிக்கணினி, எண்ணெய் டின் மேல் திரை. கலைவாணி ஒவ்வொரு முருகனாகச் சோதிக்க, முத்துப்பாண்டி உடனுக்குடன் சரிசெய்தார். பட்டர்வொர்த்திலிருந்து என் சக ஊழியர் மெய் லிங் கைப்பேசி வழியாகக் கடைக்காரர்போல் ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே ஒலிபெருக்கி அழைக்கும். "பொண்ணோட அண்ணன் முத்துப்பாண்டி எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்." முதல் அழைப்புக்கு இரண்டு முத்துப்பாண்டிகள் மேடையேறினார்கள்; சைக்கிள் கடை முத்துப்பாண்டி பெண்ணுக்குப் பெரியப்பா மகன், அவரும் அண்ணன்தானாம்.

என்னை அந்த அறையில் இருக்க விடவில்லை. வெளிநாட்டு விருந்தாளி மூட்டைக்கு நடுவில் உட்காருவதா என்று இழுத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தட்டு மாற்றும் நேரம். தாம்பாளத்தோடு முத்துப்பாண்டி மேடையில் நிற்கிறார். சாமான் அறை வாசலில் கலைவாணி கையை உயர்த்தி ஆட்டுகிறார். முத்துப்பாண்டி தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் கண்ணாலேயே 'செத்த நேரம்' என்றார். தட்டு கைமாறியதும் மேடையிலிருந்து குதித்து ஓடினார். நானும் ஓடினேன்.

"தம்பி, நாலாம் வண்டியில ஒரு ரொட்டி கூட இல்ல பாரு."

"இருக்கணுமேக்கா."

"இல்லைங்கிறேன். இங்கிட்டு வந்து பாரு."

பார்த்தார். வண்டி எண்ணைப் போட வேண்டிய இடத்தில் கடை எண்ணைப் போட்டிருந்தார். விரலில் இருந்த சந்தனம் விசைப்பலகை எங்கும் ஒட்ட, அதைத் திருத்தினார். நாலாம் வண்டி நிறைந்தது. மெய் லிங் அந்தப் பக்கம் எல்லாம் சரி என்றார். அதே நேரம் லிம்மின் அழைப்பு வந்தது.

"என்ன ஆயிற்று?" என்றார்.

நான் வாயைத் திறக்கவும், மேடையில் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, மண்டபமே குலவையிட்டது. அத்தனை பெண்களும் நாக்கைச் சுழற்றி எழுப்பிய அந்த ஒலி கடல் தாண்டிப் போயிற்று.

"அது என்ன சத்தம்? யாருக்கும் ஒன்றும் இல்லையே?"

"மென்பொருள் ஓடிவிட்டது," என்றேன். "இங்கே எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்."

லிம் நெகிழ்ந்துவிட்டார். இத்தனை ஈடுபாடுள்ள குழுவை அவர் பார்த்ததில்லையாம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் உற்சாகத்தில் கை நீட்ட, லிம்மின் மனைவிக்கு வாங்கிய சேலையில் சாம்பார் கவிழ்ந்தது. அதை நான் லிம்மிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை கடைக்காரர்கள் புதிய மென்பொருளில் பதிந்தார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் மெய் லிங்கிடமிருந்து செய்தி: எல்லா முருகன்களுக்கும் அவரவர் ரொட்டி போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு கடையில் ரொட்டிக்குப் பதில் பன் மலைபோல் இறங்கியிருக்கிறது. கடைக்காரர் தூக்கக் கலக்கத்தில் தவறான படத்தை அழுத்தியதாக ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் தொடரட்டும் என்று லிம் எழுதியிருந்தார். இத்தனை நாள் தாமதத்துக்கு உண்மையான காரணம் என்ன என்றும் கேட்டிருந்தார். செய்ய வேண்டிய ஒரு தொலைபேசி அழைப்பு செய்யப்படவில்லை என்று பதில் எழுதினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

விடைபெறுவதற்காக அலுவலகத்துக்குப் போனேன். கீழே பம்பு கடை வாசலிலேயே மாடிச் சத்தம் கேட்டது. கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். படியேறினேன். கலைவாணியும் முத்துப்பாண்டியும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நேருக்கு நேராக, முழுக் குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பன் படமும் ரொட்டிப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது, தூங்கி எழுந்தவன் அதைத்தான் அழுத்துவான், இது பக் என்றார் கலைவாணி. படம் மலேசியாவிலிருந்து வந்தது, நான் வரைந்ததில்லை, இது பக்கே இல்லை என்றார் முத்துப்பாண்டி.

"உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா தம்பி?"

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா எல்லாமே பக்காத் தெரியுது?"

ஆரோக்கியராஜ் இட்லிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நடுவில் போய் நிற்க ஒரு காலை எடுத்து வைத்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"விடுங்க. பேசிக்கிறாங்க," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எதையும் அவரிடம் சொல்லி அனுப்பவில்லை. மெதுவாகத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, சட்னியை ஓரமாக ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.